தரங்கம்பாடியை ஒரே நாளில் முழுதாகப் பார்ப்பது எப்படி: படிப்படியான வழிகாட்டி

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பலர் திருக்கடையூருக்கோ வேளாங்கண்ணிக்கோ போகிற வழியில் வருகிறார்கள். வண்டி நேராகக் கோட்டை முன்னால் போய் நிற்கும். இறங்கிப் படம் எடுப்பார்கள், கடலில் கால் நனைப்பார்கள், நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். திரும்ப ஏறும்போது யாராவது ஒருவர் "அவ்வளவுதானா?" என்று கேட்பார். முதல் தடவை போனபோது கேட்டவன் நான்தான்.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பல பேரை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஏமாற்றத்தோடு திரும்பியவர்களைக் கவனித்ததில் ஒன்று புரிந்தது. ஊரில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. தவறான கிழமையில், தவறான நேரத்தில், தவறான முனையிலிருந்து தொடங்கினால் அது கண்ணில் படுவதில்லை. அதனால் இந்தக் குறிப்பில் எதைப் பார்ப்பது என்பதைவிட எதற்கப்புறம் எதைப் பார்ப்பது என்பதையே அதிகம் சொல்லப்போகிறேன்.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள்

மற்ற ஊர்களுக்கு எந்தத் தேதி வசதி என்று பார்ப்போம். இங்கே எந்தக் கிழமை என்று பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வேண்டாம். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. ஒருமுறை பெரியம்மா குடும்பத்தை வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைக் காட்டினேன். "இந்தக் கதவைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோமாப்பா?" என்ற பேச்சை இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு காலையும் சரிப்படாது. இரண்டு பழைய தேவாலயங்களிலும் இன்றும் ஆராதனை நடக்கிறது. ஜெபத்துக்கு வந்தவர்கள் நடுவே கேமராவோடு உலாவுவது முறையில்லை. ஞாயிறு தவிர வேறு நாள் கிடைக்காதென்றால் தேவாலயங்களைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள்.

முகூர்த்த நாளாக இருந்தால் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் நிரம்பி வழியும். தங்கும் அறையும் கிடைக்காது, சாலையில் வண்டியும் நகராது. பஞ்சாங்கத்தை ஒருமுறை புரட்டிவிட்டு, முகூர்த்தம் இல்லாத செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமையும் பரவாயில்லை. ஆனால் ஆனந்தமங்கலம் ஆஞ்சநேயரைச் சேவிக்க அன்று வரிசை நீளும்.

2. பருவமும் விடியலும்

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் சுகம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழையோடு புயலும் சேர்ந்தால் கடலோரம் பக்கமே போக முடியாது. ஏப்ரல், மே வெயிலில் காலை ஒன்பதரைக்கு மேல் கோட்டை முன்னால் இருக்கும் நிழலில்லாத திடலைக் கடப்பதே தண்டனை.

மீனுக்காகவும் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் கிடைக்கும், விலையும் கூடும்.

எந்த மாதமானாலும் காலை ஆறு, ஆறரைக்கெல்லாம் ஊருக்குள் இருக்க வேண்டும். கோட்டை திறப்பது பத்து மணிக்கு. அதற்கு முந்தைய மூன்றரை மணி நேரம்தான் இந்த நாளின் சாரமே. பத்து மணிக்கு வருகிறவர்கள் அதை முழுசாக இழக்கிறார்கள்.

3. வருவதற்கு முன் நினைவில் வைக்க வேண்டிய ஆறு ஆண்டுகள்

வரலாற்றுப் புத்தகம் முழுதும் படிக்க வேண்டியதில்லை. கீழே சொல்லும் ஆறு ஆண்டுகளைத் தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். ஊரில் நீங்கள் பார்க்கும் ஏறக்குறைய ஒவ்வொரு சுவரையும் இவற்றில் ஏதோ ஒன்றோடு பொருத்திவிடலாம்.

1620: தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்கிலிருந்து வந்த கடற்படைத் தளபதி ஓவே கெத்தேவுக்கும் ஒப்பந்தம். ஊர் டேனிஷ்காரர்கள் கைக்குப் போனது, கோட்டை எழுந்தது.

1706: சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய மிஷனரிகள் கரை இறங்கினார்கள்.

1715: தமிழில் புதிய ஏற்பாடு இங்கே அச்சாகி முடிந்தது.

1777: டேனிஷ் கம்பெனியிடமிருந்து ஊரை டென்மார்க் அரசே எடுத்துக்கொண்டது. தெருக்களில் நீங்கள் பார்க்கப்போகும் பெரிய வீடுகள் பலவும் இதற்குப் பிந்தைய செழிப்பைச் சேர்ந்தவை.

1845: வங்காளத்தின் செரம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. பிறகு கப்பலும் ரயிலும் நாகப்பட்டினத்துக்குப் போக, தரங்கம்பாடி ஒதுங்கிப்போனது. புதிதாகக் கட்டக் காசில்லாததால்தான் பழையது இடிபடாமல் தப்பியது என்பது என் எண்ணம்.

2004: டிசம்பர் 26, சுனாமி.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அலைகள் பாடும் ஊர்" என்று பல பேர் விளக்கம் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை என்பது சரி. ஆனால் இங்கே பாடி என்பது பாட்டு இல்லை, வாணியம்பாடியில் வருகிற அதே பாடி, குடியிருப்பு. கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி.

4. போவது, தங்குவது, கொண்டுபோவது

தரங்கம்பாடிக்கு ரயில் டிக்கெட் தேடாதீர்கள். மயிலாடுதுறையிலிருந்து 1926இல் போட்ட கிளைப்பாதை 1986இல் மூடப்பட்டது. பழைய வரைபடத்தைப் பார்த்துவிட்டு இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கி, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் பேருந்தில் வருவதுதான் எளிது. காரைக்காலுக்கும் ரயில் உண்டு. அங்கிருந்து பேருந்தில் அரை மணி நேரம், கொஞ்சம் முன்பின் ஆகலாம். சிதம்பரம், சீர்காழி வழியாக காரைக்கால், நாகை போகும் பேருந்துகளும் தரங்கம்பாடி பிரதான சாலையில் நிற்கும்.

ஊருக்குள்ளேயே பழைய பங்களாக்களைப் புதுப்பித்த விடுதி இருக்கிறது, ஆனால் வாடகை அதிகம். செலவைச் சுருக்குகிறவர்கள் முந்தின இரவு மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ தங்கி முதல் பேருந்தைப் பிடிக்கலாம். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. அங்கே மலிவாகக் கிடைக்கும் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நண்டலாறு சோதனைச்சாவடியில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்தச் சோதனை வேண்டாமே.

கையில் தண்ணீர், தொப்பி, சில்லறை, தடிமனான அடிப்பாகம் உள்ள செருப்பு. கோயிலிலும் தேவாலயத்திலும் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் கயிறு கட்டும் ஷூ தொல்லை. சின்ன டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையின் கீழ்த்தளத்தில் அது உதவும்.

5. நகர வாசலில் இறங்கி நடந்து நுழையுங்கள்

இந்த நாளின் மிக முக்கியமான அடி இது. எத்தனை சொன்னாலும் புதிதாக வருகிறவர்கள் தவறுவதும் இங்கேதான். ஆட்டோக்காரர் "கோட்டைக்குத்தானே சார்? உள்ளயே விட்டுடுறேன்" என்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேற்கே இருக்கும் நகர வாசலிலேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. பழைய தரங்கம்பாடி சுவர் சூழ்ந்த ஊர். தரைவழியாக வருகிறவன் இந்த வாசலில் நுழைந்து, நேர்த்தெருவில் கிழக்கே நடந்து, கடைசியில் கோட்டையையும் கடலையும் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். கோட்டையிலிருந்து தொடங்கினால் கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்த மாதிரி ஆகிவிடும். வாசலிலிருந்து நடந்தால் எது உள்ளே, எது வெளியே, யார் எங்கே இருந்தார்கள் என்பது காலிலேயே பதியும்.

இப்போது நிற்கும் வாசல் 1792இல் கட்டியது. அதற்கு முந்தைய வாசலுக்குப் பதிலாக எழுந்தது. அதன் அடியில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். மதில் எங்கே ஓடியிருக்கும் என்று ஊகிக்க முடியும். அந்த மதிலுக்குப் பின்னால் ஒரு விசித்திரமான காலம் உண்டு. 1643க்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. கையில் பணமில்லை, தஞ்சைக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி, படை முற்றுகை. மிஞ்சிய ஒருசிலரை வைத்துக்கொண்டு கோங்ஸ்பாக்கே என்பவர் கோட்டையைக் காத்தார். ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பியவரும் அவர்தான்.

6. கிங் தெருவை மெதுவாகக் கடப்பது

வாசலிலிருந்து கடற்கரைத் திடல்வரை பத்து நிமிட நடை. அதை நாற்பது நிமிடத்தில் நடக்க வேண்டும். காலை ஆறரைக்கு வண்டி அதிகம் ஓடாது, தெருவின் நடுவே நின்று இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்க்கலாம்.

தேவாலயங்கள் அந்நேரம் பூட்டியிருக்கும். இருக்கட்டும், இப்போது வெளியே மட்டும் பாருங்கள். சீயோன் ஆலயம் 1701இல் திறக்கப்பட்டது, கோட்டையின் டேனிஷ்காரர்களுக்கு. புதிய எருசலேம் ஆலயம் 1718, சீகன்பால்க் எழுப்பியது, தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு. அதன் முகப்பில் கிரீடத்தோடு டென்மார்க் மன்னரின் பெயரெழுத்துச் சின்னமும் 1718 என்ற ஆண்டும் இருப்பதைத் தேடிப் பாருங்கள். ஒரே தெருவில் இரண்டு ஆலயங்கள் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. கும்பிட்ட கடவுள் ஒருவர்தான், உட்கார்ந்த பெஞ்சுதான் வேறு.

தூண் வைத்த முன்தாழ்வாரங்களைக் கவனியுங்கள். ஐரோப்பிய வீட்டுக்கு நம் ஊர் வெயில் கற்றுக்கொடுத்த பாடம் அது. அதே காலத்துத் தமிழ் வீடு எப்படி இருந்தது என்று ஒப்பிட, பக்கத்தில் உள்ள பொற்கொல்லர் தெருவுக்குள் ஐந்து நிமிடம் போய் வாருங்கள். திண்ணை, மரத்தூண், ஓட்டுக் கூரை. சுனாமிக்குப் பிறகு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு இந்தத் தெருவில் சில வீடுகளைச் சுண்ணாம்புப் பூச்சோடு பழைய முறையிலேயே சீர்செய்தது. இந்தத் தெருவைத் தவறவிட்டால் நாள் முழுக்க டென்மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுப் போவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இவை காட்சிக்கு வைத்த வீடுகள் இல்லை, ஆட்கள் குடியிருக்கிற வீடுகள். கூட வந்த ஒருவர் படத்துக்காக யாருடைய திண்ணையிலோ ஏறி உட்கார்ந்துவிட்டார். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து, "உக்காரு தம்பி, அப்படியே வாசலையும் பெருக்கிட்டுப் போ" என்றது. நாங்கள் சிரித்தோம், ஆச்சி சிரிக்கவில்லை. கேட்டுவிட்டு எடுத்தால் யாரும் மறுப்பதில்லை.

7. திடல், கடல், கோயில்

தெரு முடிந்ததும் பெரிய திடல். வலதுபக்கம் கோட்டை நிற்கும். இப்போதைக்கு அதைப் பார்க்காதது போல நேராகக் கடலுக்குப் போங்கள்.

கரையில் கல் கொட்டியிருப்பதைப் பாருங்கள். இந்த ஊரின் வரலாற்றைப் புரிந்துகொள்ள அந்தக் கற்கள் முக்கியம், ஏனென்றால் கடல் இங்கே நூற்றாண்டுகளாக நிலத்தைத் தின்றுகொண்டு வருகிறது. அதற்குச் சாட்சி, கரையோரமாக வடக்கே நடந்தால் வரும் மாசிலாமணி நாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. யாரும் கடல் அலைக்குள் கோயில் கட்டுவதில்லை. கட்டியபோது கரை தள்ளி இருந்தது, கடல்தான் நடந்து வந்தது. முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. இப்போது பழைய கல்லையும் புதிய கட்டுமானத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

கோட்டைக்கு முன்னால் இங்கே வரச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தரங்கம்பாடியின் கதை 1620இல் தொடங்கியது என்ற நினைப்பு பலருக்கும் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்வெட்டு வெட்டும் அளவுக்கு இது ஊராக, துறையாக இருந்திருக்கிறது. குலசேகரன்பட்டினம் என்ற பெயரும் அந்தக் கல்வெட்டில் சேர்ந்தே வருகிறது. இதைப் பார்த்துவிட்டுப் போனால், கோட்டையில் நாயக்கரின் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது வேறு மாதிரி புரியும். ஆளில்லாத மணலில் வந்து இறங்கியவர்கள் இல்லை அவர்கள், நடந்துகொண்டிருந்த ஒரு துறைமுக ஊரில் இடம் கேட்டு வந்தவர்கள்.

குளிக்காதீர்கள். கல்லும் இழுப்பும் சேர்ந்த கரை இது. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கற்களின் மேல் பாசி இருக்கும், ஏறி நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

இங்கே ஓசோன் நிறைந்த காற்று வீசுகிறது, நுரையீரலுக்கு நல்லது என்று யாராவது உங்களிடம் நிச்சயம் சொல்வார்கள். அது வெறும் பேச்சு. தரைமட்டத்தில் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்தான். கடற்காற்று நல்ல காற்று, அதோடு விட்டுவிடலாம்.

வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். இன்றைக்கு என்ன பட்டது, காற்று எந்தப் பக்கம் என்று தொடங்குங்கள். "சுனாமி அன்னிக்கு எங்க இருந்தீங்க?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அவர்கள் வீட்டில் யாரையோ இழந்திருப்பார்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

எட்டரை மணிக்கு எங்கேயாவது இட்லி சாப்பிட்டுவிடுங்கள். ஊருக்குள் கடைகள் குறைவு, பிரதான சாலைப் பக்கம் போனால் கிடைக்கும்.

8. பத்து மணிக்குக் கோட்டை

முதல் ஆளாக உள்ளே போனால் அரை மணி நேரம் கூட்டமில்லாமல் பார்க்கலாம். பதினொன்றுக்கு மேல் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வர ஆரம்பிக்கும்.

உள்ளே போனவுடன் எல்லோரும் மேலே ஏறுவார்கள். நீங்கள் கீழிருந்து தொடங்குங்கள். கீழ்த்தளம் கிடங்கும் சிறையும். மேல்தளம் ஆளுநர் முதலானவர்கள் வாழ்ந்த இடம். சரக்கு கீழே, அதிகாரம் மேலே. இந்த வரிசையில் பார்த்தால் கோட்டை எதற்காகக் கட்டப்பட்டது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் ஏற்ற வேண்டிய மிளகையும் துணியையும் பத்திரமாக வைக்க ஒரு பெட்டி, அதன் மேல் உட்கார்ந்து காவல் காக்க ஒரு வீடு.

கீழ் அறைகளில் டார்ச்சை மேலே அடித்து, வளைந்த கூரையைப் பாருங்கள். மரச்சட்டமே இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் தாங்கி நிற்கின்றன. 1708இல் ஆளுநரோடு மோதிய சீகன்பால்க் நான்கு மாதம் இந்தக் கோட்டையில்தான் அடைபட்டுக் கிடந்தார். டென்மார்க் மன்னர் அனுப்பிய மிஷனரியை அதே மன்னரின் பெயரால் ஊரை நடத்திய கம்பெனியே பூட்டிவைத்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கட்சி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றின் முன்னாலும் நிற்காதீர்கள், களைத்துப்போவீர்கள். நான்கு பொருட்களைத் தேடுங்கள். ஒன்று, 1620 ஒப்பந்தத்தின் படி. ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதிய தமிழ்க் கடிதத்தின் மூலம் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது படிதான் என்பது தெரிந்துகொண்டு பாருங்கள். இரண்டு, டேனிஷ் நாணயங்கள். மூன்று, சீனத்துப் பீங்கான் சாடிகள். இந்தக் கோட்டை கொடுக்கல் வாங்கல் செய்தது தஞ்சையோடு மட்டும் இல்லை என்று அவை சொல்லும். நான்கு, பீரங்கிக் குண்டுகள். கையளவுகூட இல்லாத குண்டுகளைப் பார்த்துப் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள், பரவாயில்லை.

அப்புறம் மேலே ஏறிக் கடல்பக்கம் நில்லுங்கள். துறைமுகம் எங்கே என்று தேடுவீர்கள். இருக்காது. இங்கே கப்பல் வந்து அணையும் மேடை எதுவும் இருந்ததில்லை. பெரிய கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்க, உள்ளூர்ப் படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவந்தன. கீழே கடற்கரையில் நீங்கள் காலையில் பேசிய ஆட்களின் முன்னோர் இல்லாமல் இந்தக் கோட்டைக்கு ஒரு மூட்டை மிளகுகூட நகர்ந்திருக்காது.

வழிகாட்டிகள் ஒரு விஷயத்தை மிகைப்படுத்திச் சொல்வார்கள். "இந்தியாவிலேயே முதல் அச்சகம் இங்கேதான்" என்பது சரியில்லை. கோவாவில் 1556இலேயே அச்சகம் வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் நூல் 1578இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. விட்டுப்போன தமிழ் அச்சை இங்கே தொடர்ந்து நடக்கிற தொழிலாக்கினார்கள். 1712இல் பொறி வந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு அடுத்த ஆண்டு வந்தன. அவை பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் முயன்று பார்த்தார்கள்.

9. இப்போது தேவாலயங்களின் உள்ளே

கோட்டையிலிருந்து வந்த வழியே திரும்புங்கள். காலையில் வெளியே மட்டும் பார்த்த இடங்களுக்கு இப்போது உள்ளே போகலாம். கதவு சாத்தியிருந்தால் பக்கத்தில் இருப்பவர்களிடம் பணிவாகக் கேட்டால் ஆள் வருவார்.

புதிய எருசலேம் ஆலயத்தில் பீடத்துக்கு அருகே சீகன்பால்கின் கல்லறை. 1719இல் இறக்கும்போது வயது 36. வெளியே இருக்கும் மற்றக் கல்லறைகளின் வயதுகளையும் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் ஐரோப்பியர் எவ்வளவு சீக்கிரம் செத்தார்கள் என்று தெரியும். நான் எந்தப் புத்தகத்தில் படித்ததைவிடவும் அது மனதில் நின்றது.

அவர் வாழ்ந்த வீடு இப்போது ஒரு சிறு அருங்காட்சியகம், 2017இல் திறந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர் என்பது தெரிந்து போனால் அங்கே நேரம் போவது தெரியாது. பிள்ளைகளுக்கும் இது கோட்டையைவிட அதிகம் பிடிக்கிறது.

10. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று: ஒன்றும் செய்யாதீர்கள்

சுற்றுவட்டாரக் கோயில்கள் எல்லாம் மதியம் நடை சாத்தியிருக்கும். இது தெரியாமல் பன்னிரண்டு மணிக்குத் திருக்கடையூருக்கு விரைந்து, பூட்டிய கோபுரவாசலில் நான்கு மணிவரை காத்துக்கிடந்தவர்கள் ஏராளம். பொறையாறுக்குப் போய்ச் சாப்பிடுங்கள், நிழலில் படுங்கள்.

11. பிற்பகல்: தில்லையாடி, ஆனந்தமங்கலம், திருக்கடையூர்

பொறையாறில் ஒரு ஆட்டோவை மூன்று இடத்துக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். தனித்தனியாகப் பேசினால் செலவு கூடும், திரும்ப வண்டியும் கிடைக்காது. ஏறுவதற்கு முன்பே காத்திருக்கும் நேரத்தையும் பேசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் வாக்குவாதம்.

மூன்று மணிக்குத் தில்லையாடி. இது நடை சாத்தும் இடமில்லை என்பதால் முதலில். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, 1914இல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் நினைவிடம் இங்கே. பிறந்ததும் இறந்ததும் தென்னாப்பிரிக்காவில், பெயரோடு ஒட்டிக்கொண்டது மட்டும் இந்த ஊர். காந்தி இந்தியா திரும்பிய 1915ஆம் ஆண்டே இந்தச் சின்ன ஊரைத் தேடி வந்தார். காலை முழுக்கக் கடல் தாண்டி வந்தவர்களைப் பார்த்தீர்கள் அல்லவா, இங்கே கடல் தாண்டிப் போனவர்கள்.

நான்கரைக்கு ஆனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயில். பத்துக் கை ஆஞ்சநேயருக்காகத்தான் கூட்டம் வரும். அவரைச் சேவித்த பிறகு இங்கிருந்து 1978இல் திருடு போன ராமர், சீதை, லட்சுமணர் செப்புத் திருமேனிகளைப் பற்றி விசாரியுங்கள். அவை லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டு 2020இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பின.

கடைசியாகத் திருக்கடையூர். அமிர்தகடேசுவரர், அபிராமி சந்நிதிகளை மாலை விளக்கொளியில் பார்ப்பது தனி. இதைக் கடைசியில் வைப்பதற்கு இன்னொரு காரணம், மயிலாடுதுறைக்குத் திரும்பும் பேருந்துகள் இந்த வழியாகத்தான் போகும். இருட்டிய பிறகும் பேருந்து கிடைக்கும்.

பூம்புகாரையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். சேர்க்காதீர்கள். அதற்கு இன்னொரு பாதி நாள் வேண்டும். அவசரமாகப் போனால் அங்கேயும் "அவ்வளவுதானா?" என்ற கேள்விதான் மிஞ்சும்.

இரண்டாம் நாள் கையில் இருந்தால் நான் சொல்வது தெற்கே. 1739இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த காரைக்கால், அதைத் தாண்டி 1658இல் டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடுங்கிய நாகப்பட்டினம். பேருந்தில் உட்கார்ந்தே இரண்டையும் தொட்டுவிடலாம். காலையில் தரங்கம்பாடி நிறுத்தத்தில் கடற்பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள், தெற்கே போகும்போது அது இடதுபுறம்.